ஒன்பதும் மூன்றும்

வட்டம் சுழல்கிறது, அதன் இருபுறமும் இரண்டு சந்தனப் பொட்டுகள், ஒன்று மேலேற ஒன்று கீழிறங்க, என் கைகளும் விடாமல் அவற்றோடு போய் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன, பக்கத்தில் அவர் குலுங்கிச் சிரிக்கிறார், ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொன்னா கட்டிப் பிடிச்சிட்டிருக்கியே, ஆயுத பூஜைக்கு மறுநாள் அது, கடிகாரத்தில் ஒன்பதும் மூன்றும் இருக்கும் இடங்களில் அவர்தான் பொட்டு வைத்திருந்தார், உனக்காகத்தான், நேரா போறப்ப கை இங்க இருக்கணும், திருப்பறப்ப ஒரு கை இழுக்கட்டும், இன்னொண்ணு வழுக்கிட்டு வரட்டும், பிடியைத் தளத்து, விட்டுடாத, நான் இழுத்தேன், கார் திரும்பியது, முப்பது வருடம் இடப்பக்கமே உட்கார்ந்திருந்த நான் திருப்ப, தெருவே திரும்பியது, என்னங்க, திரும்புது பாருங்க, முன்னாடி பார்டீ, எருமை வருது.

தை மாதம் அவர் தவறிப்போனார், பொட்டுகள் காய்ந்து அப்படியே இருந்தன, கை வழுக்கினால் அழிந்துவிடுமே என்று அவற்றுக்குக் கீழே இறுகப் பிடித்தே ஓட்டினேன், போன மாத லைசென்ஸ் தேர்வில் கைகள் மறுபடி பின்னிக்கொள்ள, காரை மண்மேட்டில் ஏற்றினேன், பழகிட்டு வாங்கம்மா என்றார் பிரேக் இன்ஸ்பெக்டர், இன்னிக்கும் இல்லன்னா வண்டியைக் குடுத்துடலாம் அண்ணி, ஆள் வந்து கேக்கறான் என்று கொழுந்தனார் ஏகாம்பரம் இப்போது மைதான வாசலில் காத்திருக்கிறார், ஒரு மாதமாகச் சமையலறையில் தாம்பாளத்தைத் திருப்பித் திருப்பிப் பழகியிருக்கிறேன், தாம்பாளத்தில் பொட்டு இல்லை.

அந்த வேப்பமரத்தைச் சுத்தி வாங்க என்கிறார் இன்ஸ்பெக்டர், நெஞ்சு அடித்துக்கொள்கிறது, பயமா ஆசையா தெரியவில்லை, மரம் நெருங்குகிறது, வலக்கை இழுக்கிறது, இடக்கை அப்படியே நிற்கிறது, பிடியைத் தளத்துடீ என்கிறது காதருகே அந்தக் குரல், தளர்த்துகிறேன், வழுக்குகிறது, உள்ளங்கைக்கு அடியில் பொடிப்பொடியாய் ஏதோ உதிர்கிறது, மரம் ஜன்னலோரமாக முழுதாகச் சுற்றி வருகிறது, நான் சுற்றுகிறேன், என்னங்க, திரும்புது பாருங்க என்று வாய்விட்டே கத்திவிடுகிறேன், பார்த்துட்டுத்தாம்மா இருக்கேன், பாஸ், அதென்ன கையெல்லாம் மஞ்சளா என்கிறார் இன்ஸ்பெக்டர்.

ஏகாம்பரம் ஓடி வருகிறார், இறங்குங்க அண்ணி, வீட்டுக்கு நான் ஓட்டறேன், நீங்க அந்தப் பக்கம் ஏறுங்க தம்பி என்கிறேன், அவர் திகைத்து, சுற்றிப் போய் ஏறிக்கொள்கிறார், ஸ்டியரிங் துடைத்துவிட்டதுபோல் கறுப்பாக மினுங்குகிறது, வியர்த்த உள்ளங்கைகள் இரண்டிலும் சந்தனம், ஒன்பதிலும் மூன்றிலும் வைக்கிறேன், வட்டம் சுழல்கிறது.