அம்மா சொன்னதை நான் சொன்னபோது

நான் பிறந்தது இந்த ஊரில், மதேரா ஆஸ்பத்திரியில். முதல் சண்டை போட்டது இங்கிலீஷில். கனவில் யாராவது துரத்தினால் கத்துவதும் இங்கிலீஷில்தான். ஆனாலும் பள்ளிக்கூடத்துக் கணக்கில் நான் இன்னும் இங்கிலீஷ் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை. பாலர் வகுப்பில் சேர்க்கும்போது வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று கேட்டார்கள். அம்மா உள்ளதைச் சொன்னாள், மிஸ்தெக்கோ என்று; எல்லைக்கு அந்தப் பக்கம் அவள் பிறந்த மலை ஊரின் மொழி. அன்றைக்குப் பூட்டிய கதவு. ஒன்பதாம் வகுப்புக்கு வந்தும் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் தனி அறை ஒன்றில் உட்கார்ந்து, ஜன்னல் பக்கத்தில் நாற்காலி இருக்கிறது என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

இந்த வகுப்பு சும்மா வந்து உட்காராது. மற்ற பிள்ளைகள் விருப்பப் பாடம் எடுக்கிற நேரத்தைப் பிடுங்கிக்கொண்டுதான் வரும். உயர்நிலைப் பள்ளியில் பண்ணை வகுப்பு என்று ஒன்று உண்டு. அதில் சேர்ந்தால் ஆகஸ்டில் ஆளுக்கொரு கிடேரிக் கன்றைக் கொடுத்து வளர்க்கச் சொல்வார்கள். எனக்கு மாட்டு டாக்டராக வேண்டும். சின்ன வயதில் கண்காட்சியில் ஒரு கன்று என் சட்டைக் கையைச் சப்பியதிலிருந்து இந்த ஆசை. இங்கிலீஷ் அறையிலிருந்து வெளியே வந்தால்தான் பண்ணை வகுப்பு. வருடத் தொடக்கத்தில் சேராவிட்டால் அந்த வருடம் கிடையாது.

வெளியே வருவதற்கு ஆண்டுதோறும் ஒரு பரீட்சை. எல்லாரும் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, திரையில் வரும் படத்தைப் பற்றி மைக்கில் பேச வேண்டும். ஒரே அறையில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசினால் எப்படி இருக்கும்? சந்தை தோற்றுப்போகும். படிப்பதிலும் எழுதுவதிலும் தேறிவிடுவேன். பேச்சில்தான் ஒவ்வொரு வருடமும் கவிழ்வேன்.

போன வருடம், நான் எட்டாவது படித்தபோது, பல்கலைக்கழகத்திலிருந்து மிஸ் லுண்ட் வந்தாள். இந்த ஊரிலேயே பிறந்தும் இந்த வகுப்பை விட்டு வெளியேற முடியாத பிள்ளைகளைப் பற்றித்தான் அவளுடைய ஆராய்ச்சி. எங்கள் பழைய பரீட்சைப் பதிவுகளையெல்லாம் போட்டுக் கேட்டிருந்தாள். என்னுடையதை எனக்கே போட்டுக் காட்டினாள். படத்தில் ஒரு பூங்கா. ஒரு நாய் ஒரு கிழவரின் தொப்பியைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது. என்ன நடக்கிறது என்று கேள்வி. “நாய் தொப்பியை எடுத்துக்கிட்டு ஓடுது” என்று என் குரல். அப்புறம் மணி அடிக்கும்வரை மயான அமைதி.

“ஏன் இத்தா அதோட நிறுத்திட்ட?” என்றாள்.

என் முழுப் பெயர் இத்தாந்தெவி. எல்லாருக்கும் இத்தா.

“தொப்பியைத்தானே மிஸ் எடுத்துச்சு. வேற எதை எடுத்துச்சு?”

அவள் சிரித்தாள். “இன்னும் சொல்லத் தெரியும்தானே உனக்கு?”

“தெரியும். கேக்கலையே.”

எங்கள் வீட்டில் அப்படித்தான். பெரியவர்கள் கேட்டால் கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். அதற்கு மேல் நீட்டினால் அம்மா ஒரு பார்வை பார்ப்பாள், நாக்கு தானாக உள்ளே போய்விடும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மாமா மகன் லாசரோ விழுந்து விழுந்து சிரித்தான். அவன் அதற்கு முந்தின வருடமே தேறியவன். சாப்பாட்டு இடைவேளையில் வம்பு வளர்க்கத்தான் இந்தப் பக்கம் வருவான்.

“அடி லூசு, நீ உள்ளதைச் சொல்ற, அதான் ஃபெயில். நான் என்ன சொன்னேன் தெரியுமா? அந்த நாய் எங்க நாய், கிழவர் எங்க மாமா, தொப்பி அவங்க கல்யாணத்துல வந்ததுன்னு அளந்துவிட்டேன். பாஸ். பொய் சொல்லக் கத்துக்கடி.”

அந்த முறை நானும் அளந்தேன். மணி அடித்த பிறகும் நிறுத்த மனம் வரவில்லை. தேறிவிட்டேன்.

தேறினால் மட்டும் விட்டுவிடுவார்களா? இன்னொரு கதவு இருந்தது. பிள்ளை தயாரா என்று பெற்றவர்களையும் கேட்க வேண்டும். மே மாதம் ஒருநாள் அம்மா திராட்சைத் தோட்டத்திலிருந்து நேராகப் பள்ளிக்கு வந்தாள், தலைத்துணியில் இலைத் துணுக்கு ஒட்டியிருந்தது. ஃபோனில் வரவேண்டிய மொழிபெயர்ப்பாளருக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும் என்றார்கள். அம்மாவுக்கு ஸ்பானிஷ் கடைகண்ணிக்குக் காணும், இதற்குக் காணாது. எங்கள் இங்கிலீஷ் வாத்தியார் மிஸ்டர் ஹோல்கம் மணியைப் பார்த்துவிட்டு, “நீயே சொல்லிடு இத்தா” என்றார். மிஸ் லுண்ட் மூலையில் உட்கார்ந்து, எல்லாரிடமும் கேட்டுக்கொண்டு, பதிவுக் கருவியை மேசைமேல் வைத்தாள்.

எனக்கு இது புதிதில்லை. டாக்டரிடம், வீட்டுச் சொந்தக்காரனிடம், மருந்துக்கடையில் எல்லாம் அம்மாவுக்கு நான்தான் பேசுவேன். அம்மா வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: நான் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்.

“இத்தா இந்த வகுப்பை விட்டுப் போகத் தயாரா இருக்கான்னு அம்மா நினைக்கிறாங்களா?” என்று ஹோல்கம் கேட்டார். சொன்னேன்.

அம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். “இவளுக்கு என்னங்க ஐயா தெரியும்? இன்னும் பச்சைப் பிள்ளை. நீங்கதான் கூடவே வெச்சிருந்து சொல்லிக் குடுக்கணும். தப்பு பண்ணா நல்லாத் திட்டுங்க.”

அது மரியாதை. வாத்தியார் முன்னால் பெற்றவள் வேறு எப்படிப் பேசுவாள்? ஆனால் அதை இங்கிலீஷில் சொன்னால் மரியாதை எங்கே நிற்கும்? சட்டம் சட்டம்தானே. சொன்னேன். ஹோல்கம் தலையாட்டிக்கொண்டு பேனாவை எடுத்தார்.

நான் அம்மா பக்கம் திரும்பினேன். “அம்மா, நீ இப்படிச் சொன்னா என்னை இங்கேயே போட்டு அடைச்சிருவாங்க.”

“அதுக்கு? எம் பொண்ணு பெரிய ஆளுன்னு எஞ்சொந்த வாயால சொல்லணுமா? வளர்ப்பு சரியில்லன்னு நினைப்பாரு.”

“இங்க சொன்னாத்தான் கேப்பாங்க. சொல்லலன்னா கன்னுக்குட்டி கிடையாது. மாட்டு டாக்டரும் கிடையாது.”

அம்மா மேசையைப் பார்த்துத் தலை குனிந்துகொண்டாள். அப்புறம் பேச ஆரம்பித்தாள். என்னைப் பற்றி அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. முகத்தை நிமிர்த்தவில்லை. வெட்கத்தில் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். நடுவில் தலைத்துணி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

“என்ன சொல்றாங்க?” என்றார் ஹோல்கம்.

“நான் தயார்னு சொல்றாங்க சார்.”

“இவ்வளவு நேரம் பேசினாங்க. அவ்வளவுதானா?”

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் நீளம் தெரியும். “நான் இம்புட்டுச் சொன்னேன், நீ ஒரு வாய்ல முடிச்சிட்ட. மிச்சத்தை யாரு முழுங்கினது?” என்று என் தொடையில் தட்டினாள்.

சரி என்று மூச்சை இழுத்து, டாக்டரிடம் பேசுகிற மாதிரி, அம்மாவாகவே பேசினேன். “இவ அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தப்ப டாக்டர் சொன்னதெல்லாம் எனக்குச் சொன்னது இவதான். நான் அழுதேன், இவ அழல. அழுதா பேச முடியாதுன்னு அந்த வயசுலயே இவளுக்குத் தெரியும். இந்த ஊர்ல எங்க வீட்டுக்கு இருக்கிற ஒரே வாய் இவதான். இவளுக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னா, எங்க வீட்ல எல்லாரும் ஊமைன்னு அர்த்தம்.”

தங்குதடையில்லாமல் வந்தது. பரீட்சையில்கூட அப்படிப் பேசியதில்லை. ஹோல்கம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பாவமாகப் பார்த்தார்.

“இத்தா, உனக்குப் பண்ணை வகுப்பு வேணும்னு எனக்குத் தெரியும். ஆனா கொஞ்சம் முன்னாடிதான் நீ தயாரில்லன்னு அம்மா சொன்னாங்க. அப்புறம் நீங்க ரெண்டு பேரும் வாக்குவாதம் பண்ணீங்க. அவங்க தலையை ஆட்டிக்கிட்டு அழுதாங்க. எனக்கும் கண்ணு இருக்கும்மா.”

“சார், அவங்க சொன்னதைத்தான் சொன்னேன்.”

“நல்லாப் பேசின. ரொம்ப நல்லாப் பேசின. அதுதான் யோசனையா இருக்கு.”

வாயைத் திறக்கவில்லை என்று இத்தனை வருடம் பூட்டி வைத்தார்கள். திறந்தால் பொய்யாம். இதற்கு மேல் எங்கே போய் முட்டிக்கொள்வது?

மிஸ் லுண்ட் எழுந்துவிட்டாள். “எல்லாம் பதிவாகியிருக்கு. யாரையாவது வெச்சு மொழிபெயர்த்துப் பாத்துட்டு முடிவு பண்ணலாமே?”

“தாராளமா பண்ணுங்க. அதுவரைக்கும் நான் சம்மதம்னு எழுத முடியாது.”

வெளியே வந்ததும் அம்மா, “சரின்னுட்டாரா?” என்று கேட்டாள். முகமெல்லாம் சிவந்து, ஏதோ பெரிய காரியம் செய்து முடித்தவள் மாதிரி நின்றாள். “பாக்கலாம்னாரு” என்றேன். வேறு என்ன சொல்ல?

அம்மா ஊர் மிஸ்தெக்கோவும் அதற்குப் பக்கத்து மலை மிஸ்தெக்கோவும் வேறு வேறு. அது தெரிந்த ஆளைத் தேடிப் பிடிப்பதற்குள் கோடை போய்விட்டது. ஆகஸ்டில் கன்றுகளைக் கொடுத்தார்கள். லாசரோவுக்கு ஒன்று கிடைத்தது, கறுப்பு வெள்ளை. அதற்கு என் பெயரை வைத்து, “இத்தா, வாடி” என்று என் காதுபடக் கூப்பிடுவான். ஒருநாள் தாங்க முடியாமல் அழுதுவிட்டேன், அதற்கப்புறம் பெயரை மாற்றிவிட்டான்.

நேற்றுத்தான் மிஸ் லுண்ட் வந்தாள், நவம்பர் குளிரோடு. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“நீ சொன்னது சரி இத்தா. மொழிபெயர்த்தவங்க எழுதியிருக்கறதும் நீ சொன்னதும் வரிக்கு வரி ஒண்ணா இருக்கு. ஹோல்கம் மன்னிப்புக் கேக்கச் சொன்னாரு. ஜனவரியில உன்னை விட்ருவாங்க.”

“பண்ணை வகுப்பு?”

அவள் கீழே பார்த்தாள். “அது அடுத்த வருஷம்தானாம்.”

ஜன்னல் பக்கத்தில் நாற்காலி இருக்கிறது. நான் எழுதுவதைத் தொடர்ந்தேன்.

“ஒண்ணே ஒண்ணு” என்று மெல்லச் சொன்னாள். “கடைசியில அம்மா சொன்ன ஒரு விஷயத்தை மட்டும் நீ சொல்லவே இல்ல.” தாளைப் பார்த்துப் படித்தாள். “இவ இங்கிலீஷ் பேசுறப்ப எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனா எங்க ஊர்ல மழை வந்தா வேலையை நிறுத்திட்டு நின்னு கேப்போம். அப்படித்தான் இவ பேசுறதைக் கேப்பேன்.”

அந்த அறையில், இங்கிலீஷில், ஒரு அந்நியக் குரலில் அதைக் கேட்டேன்.

“இதை மட்டும் ஏன் விட்ட?”

“சும்மாதான் மிஸ்.”

இன்னும் ஏதாவது சொல்வேன் என்று மணி அடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். நான் சொல்லவில்லை.