காலியான ஒரு படுக்கை

ஆம்புலன்ஸ் சாரம் பகுதியின் அந்தக் குறுகிய தெருவுக்குள் பின்பக்கமாகவே ஊர்ந்து வந்து நின்றபோது, லூர்துநாதன் மனைவி ரோசாவின் துணிப்பையை கிரில் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நியாயப்படி அந்த வண்டி அவருக்காக வந்தது. கொரோனாவின் இரண்டாவது அலை ஊரை அடித்துக்கொண்டிருந்த மே மாதம். அவருக்கும் ரோசாவுக்கும் ஒன்றாகத்தான் காய்ச்சல் வந்தது, ஒன்றாகத்தான் மூச்சு வாங்க ஆரம்பித்தது. காலையில் நகர்ப்புற சுகாதார நிலையத்தின் நர்ஸ் தீபலட்சுமி வந்து இருவர் விரலிலும் கருவியை மாட்டிப் பார்த்தாள். இரண்டு பேருக்குமே ஆக்ஸிஜன் வேண்டும். அவருக்குத்தான் அளவு ரொம்பவும் கீழே இருந்தது. ஆஸ்பத்திரியில் படுக்கை ஒதுக்கும் டாக்டர் நெடுமாறனுக்கு அவள் போன் செய்து கெஞ்சிய பிறகு, மத்தியானத்துக்கு மேல் அவரே கூப்பிட்டு ஒரு படுக்கை காலியாகியிருக்கிறது, யாருக்கு மோசமோ அவரை ஏற்றிவிடுங்கள் என்றார். அது எப்படிக் காலியானது என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"அவள ஏத்துங்க சிஸ்டர். நான் வரல" என்றார் லூர்துநாதன்.

தீபலட்சுமி கவச உடைக்குள் வியர்த்துக்கொண்டே அவருக்கு விளக்கினாள். அவருக்குத்தான் ஆபத்து அதிகம், இன்னொரு படுக்கை கிடைத்தால் அம்மாவையும் அழைத்துப் போகலாம் என்று. அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மில் மூடும்வரை தறி ஓட்டியவர், அப்புறம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தான் நினைத்ததையே செய்கிற ஆள் என்று ரோசா எப்போதோ சொல்லியிருக்கிறாள். சுகாதார நிலையத்துக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க வரும்போதெல்லாம் ரோசா தீபலட்சுமியோடு உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போவாள். லாஸ்பேட்டையில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்து, அதில்தான் மகள் மெரினுக்குக் கல்யாணம் செய்தவள். அவள் கைக்கு எப்போதும் பூண்டு வாசம் இருக்கும்.

ரோசா உள்ளே கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். புடவை மாற்றி, தலைகூடச் சீவியிருந்தாள். அவர்தான் சீவிவிட்டிருக்க வேண்டும், வகிடு கோணலாக இருந்தது. லூர்துநாதன் எழுந்துபோய் அவள் கையைப் பிடித்தார்.

"மதாமுக்கு வண்டி வந்துடுச்சி பாரு" என்றார். கோபம் வந்தாலும் குஷி வந்தாலும் அவர் அவளை, பிரெஞ்சுக்காரியைக் கூப்பிடுவதுபோல, மதாம் என்றுதான் கூப்பிடுவார். ரோசா சிரிக்கவில்லை.

"நீங்க வரலியா?"

"பின்னாடியே வரேன். நீ போ."

அவளுக்குப் போக விருப்பமில்லை என்பது தீபலட்சுமிக்குத் தெரிந்தது. ரோசா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். பேச மூச்சு போதவில்லையா, பேசிப் பயனில்லை என்று விட்டுவிட்டாளா, தெரியவில்லை. லூர்துநாதன் அவள் விரல்களை நிலையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார், குழந்தையின் கையிலிருந்து எதையோ வாங்குவதுபோல மெதுவாக. தீபலட்சுமி வெளியே போய் நெடுமாறனுக்கு போன் செய்து நிலைமையைச் சொன்னாள். அந்தப் பக்கம் யாரோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டர் அவர்களுக்கு ஏதோ பதில் சொன்னார். பிறகு, "யாரு ஏறுறாங்களோ அவங்கள அனுப்புங்கம்மா. வண்டி மட்டும் வெறுமனே திரும்பக் கூடாது" என்றார்.

வண்டி போன பிறகு லூர்துநாதன் கட்டிலில் விழுந்தார். தீபலட்சுமி அவரைக் குப்புறப் படுக்கச் சொல்லிக்கொடுத்தாள், மார்புக்கும் இடுப்புக்கும் கீழே தலையணை வைத்தாள். அன்றிரவு தாண்டுவார் என்று அவளுக்கு நம்பிக்கையில்லை. மறுநாள் பங்குக் கோயில் இளைஞர்கள் எங்கிருந்தோ ஓர் ஆக்ஸிஜன் மெஷினை வாங்கிவந்து வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். அவளே உள்ளே தூக்கிப்போய், கரண்ட் கொடுத்து, குழாயை அவர் மூக்கில் மாட்டினாள். அதற்குப் பிறகு அவர் பிழைத்துக்கொள்ள ஆரம்பித்தார். அதே தெருவில் அவரைவிட இளையவர்கள், அவரைவிடத் தெம்பாக இருந்தவர்கள், மாடிப்படி இறங்கி ஆட்டோவுக்குள் போவதற்குள் முடிந்துபோயிருந்தார்கள்.

ஊருக்கு வெளியே இருந்த பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ரோசா முதலில் தினமும் அவரோடு போனில் பேசினாள். சாப்பாடு சுத்தமாக ஒப்பவில்லை, பக்கத்துப் படுக்கைக்காரி ராத்திரி முழுக்க மகன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள், தண்ணி கேட்டால் ஆள் வர நேரமாகிறது என்றெல்லாம். ஒவ்வொரு தடவையும் கடைசியில், எப்ப வரீங்க என்று கேட்பாளாம். இதோ வந்துடுறேன் என்று அவர் சொல்வாராம். பிறகு போன் அணைந்துவிட்டது. சார்ஜரைப் பையில் வைக்க மறந்துபோனது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தீபலட்சுமி அதை வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் போனாள். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். அதன் மேலும் கீழும் பைகள், பிளாஸ்க்குகள், போர்வைகள், பேர் ஒட்டிய சாப்பாட்டுக் கூடைகள். காவலாளி சார்ஜரை வாங்கி அந்தக் குவியலின் மேல் வைத்தார். அது ரோசாவின் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது கடைசிவரை தெரியவில்லை. போன் மட்டும் திரும்ப உயிர்பெறவே இல்லை.

சாவுச் செய்தி தீபலட்சுமிக்குத்தான் வந்தது. சேதராப்பட்டில் மெரினும் அவள் புருஷனும் அதே நோயோடு வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். முதலில் மெரினுக்கு போனில் சொன்னாள். மெரின் ரொம்ப நேரம் அழுதாள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி என்றாலே ஆகாது, தன்னைப் பெற்றதுகூட வீட்டில்தான், இது அப்பாவுக்குத் தெரியுமே சிஸ்டர் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். தீபலட்சுமி போனைக் காதில் வைத்துக்கொண்டு சுகாதார நிலையத்தின் பின்பக்கம் நின்றிருந்தாள். தனக்குப் பதிலாக வேறு யாராவது போய் அவரிடம் சொல்ல மாட்டார்களா என்று இருந்தது. அப்படி யாரும் இல்லை.

அவர் குப்புறப் படுத்திருந்தார். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள், அப்போதுதான் அவர் முகம் தெரியும். சொன்னாள். மெஷின் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. அவர் கண்ணை மூடவில்லை, எழவும் இல்லை.

"காத்து இருந்துச்சா சிஸ்டர் அவளுக்கு, கடைசிவரைக்கும்?"

முந்தின ராத்திரி அந்த ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வரத்து கொஞ்ச நேரம் குறைந்ததாக ஊருக்குள் பேசிக்கொண்டார்கள். உண்மையா பொய்யா என்று யாருக்கும் தெரியாது. அவள் கேட்டுப் பார்த்தும் யாரும் சொல்லவில்லை.

"இருந்துச்சுங்கய்யா" என்றாள்.

அவர் தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்துக்கொண்டே அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

வீட்டைத் தாண்டக் கூடாதென்பதால் அவர் கல்லறைக்குப் போக முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி நேராகக் கல்லறைக்குத்தான் போக வேண்டும், உடலைச் சுற்றிய பையைத் திறக்கக் கூடாது, சாமியார் தள்ளி நின்று ஜெபம் சொல்வார். அவ்வளவுதான் அனுமதி. இதையெல்லாம் அவரிடம் சொன்னபோது அவர் சரி சரி என்றார், எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் தீபலட்சுமி முடியாது என்று சொல்லியிருப்பாளோ என்னவோ. வெளியே வந்ததும் நகராட்சியின் சவ வண்டி ஓட்டும் வடிவேலை போனில் கூப்பிட்டாள். சாரம் வழியாக ஒருதரம் வந்துவிட்டுப் போகச் சொன்னாள். அவர் எடுத்த எடுப்பிலேயே மறுத்துவிட்டார். தெருக்காரர்கள் படம் பிடித்துப் போட்டால் தன் வேலை போய்விடும், வண்டியில் இன்னொரு உடலும் இருக்கிறது, அங்கே அந்தக் குடும்பம் காத்துக்கிடக்கிறது என்றார். அவள் ஒன்றும் சொல்லாமல் போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவரும் வைக்கவில்லை.

"நிறுத்த மாட்டேன். மெதுவா போறேன், பாத்துக்கட்டும்" என்றார் வடிவேல் கடைசியில்.

வண்டி தெருவுக்குள் நுழைந்ததுமே ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. லூர்துநாதன் மூக்கிலிருந்து குழாயைக் கழற்றிவிட்டு எழுந்தார். வேண்டாமென்று அவள் சொல்லச் சொல்ல, சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், எப்போது மாற்றினாரோ. மெதுவாகப் போகிறேன் என்ற வடிவேல் கிரில்லுக்கு நேராக வந்ததும் தானாகவே நிறுத்திவிட்டார்.

வண்டிக்கு ஜன்னல் கிடையாது. சாம்பல் நிறத் தகரம்தான். லூர்துநாதன் அதை மேலும் கீழும் பார்த்தார். எங்கே பார்ப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"தலை எந்தப் பக்கம்?" என்று கேட்டார். மூச்சு இரைத்ததில் வார்த்தை பாதிதான் வெளியே வந்தது.

வடிவேலுக்குப் புரிந்தது. கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டிப் பின்பக்கக் கதவைக் காட்டினார். "இந்தப் பக்கம்தான் அய்யா. அம்மாவுக்குத் தலை கதவுகிட்ட."

இரண்டு உடலில் எது எப்படிக் கிடக்கிறதென்று அவருக்கு நிஜமாகவே தெரியுமா என்று தீபலட்சுமி யோசித்தாள். லூர்துநாதன் யோசிக்கவில்லை. கதவிருந்த பக்கமாக ஓரடி நகர்ந்து, கிரில் கம்பிகளுக்கிடையே கையை விட்டு, காற்றில் சிலுவை போட்டார். பிறகு ஏதோ சொன்னார். அது அவளுக்குக் கேட்கவில்லை. கேட்கக் கூடாதென்று அவளே ஓரடி பின்னால் தள்ளி நின்றுகொண்டாள்.

வண்டி கிளம்பியது. காலையில் நகராட்சிக்காரர்கள் வாசல்தோறும் பிளீச்சிங் பவுடர் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அதன் மேல் ஏறிப்போன சக்கரங்கள் கறுப்புத் தார்ச்சாலையில் இரண்டு வெள்ளைக் கோடுகளை இழுத்துக்கொண்டே போயின. தெருமுனையில் அவை கொஞ்சம் மங்கி, இடப்பக்கமாக வளைந்து மறைந்தன. லூர்துநாதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வாங்க என்று தீபலட்சுமி கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வண்டி போன பக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் ஒருவர் வந்தார். வழியில் அந்த வண்டியைக் கண்டிருப்பார்போல, கோடுகளைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்தார். ஒரு காலைத் தரையில் ஊன்றித் தயங்கிவிட்டு, அவற்றின் மேல் ஏறாமல் சாக்கடை ஓரமாகவே ஒதுங்கி ஓட்டிக்கொண்டு போனார்.