காது வில்லை இல்லாத பசு

வறட்சிக்காகப் போட்ட தீவன முகாமின் வாசலைத் தாண்டி மேய்ப்பவனின் நான்கு மாடுகள் உள்ளே போய்விட்டன. ஐந்தாவது மட்டும் கம்பி வேலிக்கு வெளியே நின்றது. அதன் காதில் அடையாள வில்லை இல்லை; அது இல்லாத மாட்டை உள்ளே விடமாட்டார்கள். மழை பொய்த்தால் யாருக்கு எவ்வளவு தீவனம் வேண்டியிருக்கும் என்று போன வருடமே கணக்கெடுத்து வில்லை மாட்ட அதிகாரிகள் வந்தார்கள். அன்று இதை மட்டும் அவன் ஓடைப் பள்ளத்தில் ஒளித்து வைத்தான். நல்ல மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டான். உதவ வந்தவர்களைச் சந்தேகித்த பாவம், இப்போது விலா எலும்பு தெரிய நின்றது.

"கெழடுக்கெல்லாம் தோடு போட்டு அழகு பாத்த. பால் கறக்கிறத பள்ளத்துல பதுக்குன. ஊர்ல ஒன்ன விட்டா புத்திசாலி யாரு?" என்றாள் மனைவி.

முகாமில் பதிவு எழுதும் பெண் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அண்ணே, ஒரு மாட்டுக்கு இவ்வளவுன்னு தீவனம் எடை போட்டுதான் வருது. உள்ள இருக்கிறதுல ஒண்ண வெளிய கொண்டுபோனா, இத விடலாம். அதுக்கு மேல என் கையில இல்ல."

அவன் உள்ளே போனான். கிழப்பசு கண்ணை மூடிக்கொண்டு மென்றுகொண்டிருந்தது. தாய்ப்பால் வற்றிய நாளில் அவன் மகளைப் பிழைக்க வைத்தது அதன் பால்தான். கயிற்றை அவிழ்த்துக் கையில் எடுத்தான். அது அவன் மணிக்கட்டை நக்கிவிட்டு மறுபடி மென்றது.

பக்கத்தில் இரண்டு மாடு கட்டியிருந்த தங்கை புருஷன் இதைப் பார்த்தான். தன் மாட்டின் முன்னாலிருந்து ஒரு கை வைக்கோலை அள்ளிச் சாக்கில் போட்டான்.

"கொஞ்சம் பொறு மச்சான். நாலு வாய் கொறைஞ்சா என் மாடு செத்துடாது."

"செத்துடும்டா."

"தெரியும்," என்றான் தங்கை புருஷன். இன்னொரு கை அள்ளினான்.

சாக்கு, மாட்டுக்காரர்களின் வரிசையில் கைமாறி நகர்ந்தது. ஒருவன் திட்டிக்கொண்டே போட்டான். ஒருத்தி பேசாமல் போட்டாள். பதிவு எழுதும் பெண் பேனா மூடியைத் தேடுவதுபோல் மேசைக்கடியில் குனிந்துகொண்டாள். கடைசி வரை போயும் சாக்கு பாதிகூட நிறையவில்லை. நாளைக்கும் இப்படிக் கொடுப்பார்களா என்பது அவனுக்குத் தெரியாது.

வேலிக்கு வெளியே, மனைவி அந்தச் சாக்கிலிருந்து ஒரு பிடி வைக்கோலைப் பசுவின் உதட்டருகே நீட்டினாள். அது மோந்து பார்த்தது, வாய் திறக்கவில்லை. அவள் கையை எடுக்கவும் இல்லை. உள்ளே அவன், கிழப்பசுவின் கயிற்றைக் கட்டாமலும் இழுக்காமலும் பார்த்துக்கொண்டு நின்றான்.