சிலமலைக்கு வந்த பஸ்

சிலமலை ஊர்நலச் சங்கம் ஒரு வருடமாகக் கேட்ட, போடி ஊருக்குப் போகும் பஸ், சோதனை ஓட்டமாக அன்று வந்தது. ஆள் ஏறாவிட்டால் அதோடு நிறுத்திவிடுவார்கள். சங்கச் செயலாளர் பானுப்பிரியா நிறுத்தத்தில் நின்று தலைகளை எண்ணினாள்.

ஆனால், ஏலக்காய் தரம்பிரிக்கப் போகும் பெண்களே பாதி பஸ்சை நிறைத்துவிட்டார்கள். மற்ற எல்லாரையும் நெருக்கி ஏற்றிவிட்டுக் கடைசியாக அவள் படியில் கால் வைத்தாள்.

"மூச்சு விட எடமில்ல, எறங்கு தாயி," என்றார் கண்டக்டர்.

"அந்தப் பிள்ள அலைஞ்சுதான்யா பஸ்சே வந்துச்சு," என்று ஜன்னலோரத்திலிருந்து பெரியம்மாள் சத்தம் போட்டாள்.

"அப்ப நீ எறங்கு ஆத்தா, அது ஏறட்டும்."

பெரியம்மாள் சட்டென்று வெளியே வேடிக்கை பார்க்கத் தொடங்கினாள். பஸ்சே சிரித்தது.

பானுப்பிரியா இறங்கிக்கொண்டு, "நாளைக்கு வருமாண்ணே?" என்று மெல்லக் கேட்டாள்.

"இத்தன டிக்கெட்டு ஏறுனா எவன் நிப்பாட்டுவான்? நாளைக்காச்சும் நீ வெரசா ஏறு."

விசில் ஒலித்தது. அவள் சிரித்தபடி ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டினாள்.