க்ளாம்ப்பை எப்போது தளர்த்துவது

என் தங்கை புருஷனை எங்கள் பட்டறையில் சேர்த்துவிட்டதே நான்தான். வேறு யார் மேலும் பழி போட முடியாது. ஒரு வருஷம் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தான். தங்கை வந்து மூக்கைச் சிந்தினாள். முதலாளியிடம் போய்ப் பல்லைக் காட்டி, ஆறு மாசத்துக்கு டெம்பரவரியாக வாங்கிக் கொடுத்தேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

அங்கே பதினெட்டு வருஷமாக அலுமினியம் என்றால் நான்தான். தடித்த தட்டில் மில்லிங் மிஷினால் சதுரம் சதுரமாகக் குழி பறிக்கிற வேலை. பாக்கெட் என்போம். நாலு பல் கட்டரைப் போட்டு நிதானமாக ஓட்டுவேன். என்ன அவசரம்? வந்த இரண்டாம் வாரமே மாப்பிள்ளை என் மிஷின் பக்கம் வந்து நின்றான்.

"மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. அலுமினியத்துக்கு நாலு பல்லு வேணாம். வெட்டுற சுருள் வெளிய வர வழியில்லாம கட்டர்லயே அப்பிக்குது பாருங்க. மூணு பல்லு போட்டு, நேரா கீழ குத்தாம சுத்திச் சுத்தி இறக்குங்க. கூடவே காத்தும் அடிச்சு விட்டா சுருள் நிக்காது."

நாலு பேர் முன்னால் சொன்னான். முதலாளியும் கேட்டுக்கொண்டு நின்றார். அவன் சொன்னபடியே ஓட்டிப் பார்த்தார்கள். ஐந்து மணி நேர வேலை இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. குழியின் அடி, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளத்தது.

"பதினெட்டு வருஷமா என்னய்யா பண்ணிட்டிருந்த?" என்று முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். விளையாட்டுக்குத்தான் கேட்டார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அன்றிலிருந்து எதற்கெடுத்தாலும் மாப்பிள்ளை, மாப்பிள்ளை. பட்டறையே அவனை அப்படித்தான் கூப்பிட்டது, ஏதோ எல்லாரும் சேர்ந்து பெண் கொடுத்த மாதிரி.

ஆறு மாசம் முடிகிற அன்று ஒரு பெரிய தட்டு வந்தது. கதவில் பாதி இருக்கும். பன்னிரண்டு பாக்கெட். அடியில் இரண்டு மில்லிமீட்டர்தான் மிஞ்ச வேண்டும். அது கெட்டால் வேறு தட்டு வர மூன்று வாரம் ஆகும். சாயங்காலம் நாலு மணிக்கு வாடிக்கையாளர் வருகிறார்.

"மாப்ளே, இதை முடிச்சுக் குடு, நாளைக்கே பர்மனென்ட் ஆர்டர். கெடுத்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது, ஆமா" என்றார் முதலாளி. தங்கைக்கு அப்போது ஏழாம் மாசம்.

கட்டர் விஷயத்தில் அவன் சூரன்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பழைய கம்பெனியில் அவன் செய்ததெல்லாம் உள்ளங்கை அளவு சாமான். இவ்வளவு பெரிய தட்டைத் தொட்டதே இல்லை. பெரிய தட்டுக்குள் ஒரு விறைப்பு இருக்கும். பறிக்கப் பறிக்க அது வளையப் பார்க்கும். தட்டை மிஷின் மேஜையோடு க்ளாம்ப் அழுத்திப் பிடித்திருக்கும்வரை வெளியே தெரியாது. அதனால் அரை மில்லிமீட்டர் மிச்சம் வைத்துப் பறித்துவிட்டு, க்ளாம்ப்பைத் தளர்த்தி, அதன் இஷ்டத்துக்கு வளைய விட வேண்டும். பிறகு அடிப்பக்கத்தைச் சமன் செய்து, மெல்லப் பிடித்துக் கடைசி வெட்டு. இரண்டு தட்டைக் குப்பையில் போட்டு நான் இதைக் கற்றுக்கொண்டேன்.

மத்தியானம் அவன் மிச்சம் வைத்து நிறுத்திவிட்டு என்னிடம் வந்தான்.

"மச்சான், கடைசி வெட்டுக்கு முன்னாடி க்ளாம்ப்பை ஒரு தடவ லூஸ் பண்ணணுமோ? மனசுல என்னமோ உறுத்துது. பண்ணா ஒன்றரை மணி நேரம் போயிடும்."

நம்பித்தான் கேட்டான். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"லூஸ் பண்ணா அளவெல்லாம் ஓடிப் போயிடும் மாப்ளே. புடிச்ச புடியிலயே முடிச்சிடுங்க."

"நீங்க சொன்னா சரி."

மூன்றரைக்கு முடித்துவிட்டான். தட்டு மிஷினில் இருக்கும்போதே மட்டம் பார்க்கிற டயலை வைத்துப் பார்த்தார்கள். முள் அசையவில்லை. முதலாளி அவன் முதுகில் தட்டினார். வாடிக்கையாளரும் வந்து நின்றார். அவன் க்ளாம்ப்பை ஒவ்வொன்றாகக் கழற்றினான். மூன்றாவதைக் கழற்றியதும் டக்கென்று ஒரு சத்தம், ஓரம் எழும்பியது. தூக்கிச் சமமேஜையில் வைத்தால் தட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது.

"ஒரே புடியில முடிக்கச் சொல்லி எவன்டா உனக்குச் சொன்னது?" முதலாளி கத்தினார்.

அவன் என்னைப் பார்த்தான். நான் கை துடைத்துக்கொண்டிருந்தேன்.

"யாரும் சொல்லல சார். நானேதான்."

என் வேலைக்கு உலை வைக்கக் கூடாது என்று மென்று விழுங்கினான், பைத்தியக்காரன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

ஆறு மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஆறுதல் சொல்ல என்று நினைக்காதீர்கள், அவன் மூஞ்சியைப் பார்க்கத்தான் போனேன். நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தான். தங்கை இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணா, இவரு என்னென்னமோ சொல்றாரு. லூஸ் பண்ண வேணாம்னு நீதான் சொன்னியாம். எனக்கு நம்பவே முடியல. நீயே சொல்லு, அப்படியா சொன்ன?"

உண்மையைச் சொல்ல ஒரு நொடி போதும். அவன் தலையைத் தூக்கவில்லை.

"ஐயோ, லூஸ் பண்ணுங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்மா. நேரமாகுதுன்னு அவருதான் கேக்கல."

"பாத்தீங்களா?" அவள் அவன் பக்கம் திரும்பினாள். "வேலைதான் போச்சு. உங்களுக்காகக் கால்ல விழாத குறையா அலைஞ்ச மனுஷன் மேலயே பழியத் தூக்கிப் போடுறீங்களே, நல்லா இருக்கா? எந்திரிங்க. எங்க அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேளுங்க."

அவன் எழுந்தான். அவள் வயிற்றைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். எனக்கு வெட்கமாக இருந்தது என்று சொன்னால் பொய். சந்தோஷமாக இருந்தது.

"மன்னிச்சிடுங்க மச்சான். நான்தான் தப்பாக் கேட்டுட்டேன் போல."

"விடுங்க மாப்ளே, நான் எதையும் மனசுல வச்சுக்கல" என்றேன்.