தொன்னை கவிழ்த்த விளக்குகள்

ஷோபனா டீச்சர் அளவுகோல் வைக்காமல் ஒரு கோடும் இழுக்கமாட்டாள். கண்ணமங்கலத்தில் பிறந்தவள்; ஆலங்காயத்தில் வாடகைக்குக் குடியிருப்பவள்; காவலூரை அடுத்த மலைப்பள்ளி ஒன்றுக்கு வாரத்தில் மூன்று நாள் ஓவியம் கற்பிக்க வருபவள். பிள்ளைகள் அவளைத் தங்களுக்குள் 'ஸ்கேல் டீச்சர்' என்றார்கள். அது அவள் காதுக்கும் எட்டியது. அவள் வருந்தவில்லை, உள்ளூர மகிழ்ந்தாள் என்றே சொல்லவேண்டும்.

அந்த ஆண்டு ஒன்றிய அளவிலான கலைப் போட்டிக்குக் காகித விளக்கு அலங்காரத்தைத் தலைப்பாக அறிவித்திருந்தார்கள். தேர்வாகும் ஒரே ஒரு பள்ளி மாவட்ட விழாவுக்குப் போகும். மலைப்பள்ளி எதுவும் இதுவரை போனதில்லை. சென்ற ஆண்டுப் போட்டியில், அடிவாரத்துப் பள்ளியிலிருந்து வந்த தேவராஜ் மாஸ்டர், "உங்க புள்ளைங்களுக்கு இன்னாங்க தெரியும்? கலர் பென்சிலக் குடுத்தா புளியங்கான்னு கடிக்கும்" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை ஷோபனா ஓராண்டாக மறக்காமல் வைத்திருந்தாள். திருப்பிக் கொடுக்கவேண்டிய பொருள் அது.

அறிவிப்போடு ஒரு மாதிரிப் படமும் வந்திருந்தது. கனத்த தாளை உருளையாகச் சுற்றி ஒட்டவேண்டும், பக்கங்களில் படம் எழுதித் துளையிடவேண்டும், அடியில் சிறு பேட்டரி பல்பை வைக்கவேண்டும், மேற்புறம் திறந்திருக்கவேண்டும். பன்னிரண்டு பிள்ளைகள், பன்னிரண்டு விளக்குகள், மூன்று வாரங்கள். வண்ணத்தாள் வெட்டி ஒட்டலாம் என்று ஷோபனா சொன்னாள். பிள்ளைகளோ வீட்டிலிருந்து கோணி ஊசியைக் கொண்டுவந்துவிட்டார்கள். சாமைக் கதிர், புளிய இலை, பலாப்பழம், தேனடையைப் பிய்க்கும் கரடி என்று அவரவர் எழுதிய கோட்டின்மேல் ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்தினார்கள். ஐந்தாம் வகுப்புக் காவியாவின் சாமைக் கதிரில் மட்டும் நானூறு துளைகள் இருந்தன. ஒரு துளைகூடக் கோட்டை விட்டு விலகவில்லை. ஷோபனா யாரையும் எளிதில் பாராட்டமாட்டாள். அன்று, "சரியாக இருக்கிறது" என்றாள். காவியா அதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

"பல்பைக் கட்டி வையுங்கள். நாளை மறுநாள் காலையில் வந்து அழைத்துப் போகிறேன்" என்று வியாழக்கிழமை சொல்லிவிட்டு, வழக்கம்போல் நான்கு மணிப் பேருந்தில் அவள் இறங்கிப் போனாள்.

சனிக்கிழமை ஷேர் ஜீப்போடு வந்தவள் வகுப்பறை வாசலிலேயே நின்றுவிட்டாள். பன்னிரண்டு விளக்குகளின் தலையிலும் மந்தாரை இலைத் தொன்னை ஒன்று கவிழ்ந்து உட்கார்ந்திருந்தது. துடைப்ப ஈர்க்கால் காகிதத்தோடு சேர்த்துத் தைத்திருந்தார்கள். பல்பு அடியில் இல்லை; தொன்னைக்குள் தலைகீழாகத் தொங்கியது.

"இன்னாடி இது?" கோபத்தில் அவளுக்குக் கண்ணமங்கலம் வாயில் வந்துவிட்டது.

"தொப்பி டீச்சர்" என்றாள் காவியா.

"யார் போடச் சொன்னது? படத்தில் இருக்கிறதா?"

"படத்துல மறந்துட்டாங்க டீச்சர். தொப்பி இல்லன்னா வெளிச்சம் மேல பூடும்."

"போனால் என்ன?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சருக்கு இதுகூடத் தெரியாதா என்பதுபோல் மணிவேல் முன்னால் வந்தான். "வானம் வெளுத்துப்பூடும் டீச்சர். காவலூர்ல வானத்தப் பாக்க வெச்சிக்கீற பெரிய தொலைநோக்கில நட்சத்திரம் தெரியாது. எங்க வூட்டு வாசல் லைட்டுக்கே எங்கப்பா தகரம் மடிச்சுப் போட்டுக்கீறாரு."

"இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?"

"நீங்கதான் நாலு மணி பஸ்ஸுக்குப் பூடுவீங்களே. எங்க ஊரு ராத்திரிய நீங்க பார்த்ததே இல்லியே."

ஜீப்காரர் ஒலிப்பானை அழுத்தினார். வாதாட நேரமில்லை. விளக்குகளை மடியில் ஏந்திக்கொண்டு பிள்ளைகள் நெருக்கியடித்து ஏறினார்கள். ஷோபனா முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே பார்த்தாள். முதல் தெருவிளக்கு வந்தது. அதன்மேல் தகரக் குடை கவிழ்ந்திருந்தது. அடுத்ததற்கும் அப்படியே. கூட்டுறவுக் கடை வாசலில் பழைய வாணலியை வெட்டிக் கவிழ்த்திருந்தார்கள். இரண்டு ஆண்டுகளாக இந்த வழியில்தான் அவள் போய்வருகிறாள். கோடு கோணினால் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கும் கண் அவளுடையது. அந்தக் கண் இத்தனை குடைகளில் ஒன்றையும் காணவில்லை.

ஆலங்காயத்து மண்டபத்தில் ஒன்பது பள்ளிகளின் மேசைகள் வரிசையாக இருந்தன. நடுவர் தாண்டவராயன், ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேசை மேசையாக வந்தவர், தொன்னைகளைக் கண்டு புருவத்தை உயர்த்தினார்.

"மேல தெறந்திருக்கணும்னு மாதிரியில இருக்குதேம்மா."

"பிரசாதம் வாங்க வந்தாப்பல இருக்குது" என்று பக்கத்து மேசையிலிருந்து தேவராஜ் மாஸ்டர் சொன்னார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

நடுவர் சிரிக்கவில்லை. துளைகளைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "வேலைப்பாடு நல்லாயிருக்கு. மாதிரிப்படி இல்லன்னா பத்து மார்க்கு போய்டும். அப்பறம் மொத எடம் கஷ்டம். பத்து நிமிஷம் தர்றேன், எடுத்துடுங்க" என்றார்.

ஷோபனாவின் கை தானாகவே பையிலிருந்த கத்தரியை எடுத்தது. ஈர்க்கின் முனைகளை வெட்டினால் போதும், தொன்னை கழன்றுவிடும். பன்னிரண்டு விளக்குக்கும் ஐந்து நிமிடம் ஆகாது. ஓராண்டாகக் காத்திருந்த நாள் இது. காவியா தன் விளக்கை மறைக்கவில்லை, கெஞ்சவும் இல்லை. கத்தரியைப் பார்த்தாள்; பிறகு டீச்சரைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

அந்த மாதிரியை வரைந்தவர் அந்த மலையில் ஒரு விளக்கையும் ஏற்றியிருக்கமாட்டார் என்று ஷோபனாவுக்குத் தோன்றியது. கத்தரியைப் பைக்குள் போட்டாள்.

"படிவத்தைக் கொடுங்கள் ஐயா."

'மாதிரியைப் பின்பற்றியுள்ளதா?' என்ற கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று எழுதினாள். அவள் வாழ்க்கையில் எந்தப் படிவத்திலும் அப்படி எழுதியதில்லை. காரணம் கேட்ட கட்டத்தில், ஓர் எழுத்தும் கோடு தாண்டாமல், 'எங்கள் ஊரில் வெளிச்சம் மேலே போகக்கூடாது' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

சன்னல்களை ஜமக்காளங்களால் மூடினார்கள். மண்டபம் இருண்டது. ஒவ்வொரு பள்ளியாக விளக்கேற்றியது. எட்டுப் பள்ளிகளின் வெளிச்சமும் திறந்த வாய் வழியே மேலேறிக் கூரையில் வெள்ளை வட்டங்களாக அப்பிக்கொண்டது. எழுதிய படம் தாளோடு நின்றது. கடைசியில் மலைப் பிள்ளைகள் தங்கள் விளக்குகளைக் கையில் தூக்கிப் பிடித்துப் பல்புகளை ஏற்றினார்கள்.

கூரையில் ஒன்றும் விழவில்லை. "இன்னாது, எரியலயா?" என்றது ஒரு குரல். பிறகு எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். தொன்னைக்குள் தொங்கிய பல்பு வெளிச்சத்தைக் கீழே தள்ளியிருந்தது. கோணி ஊசித் துளைகள் வழியே ஒளி இறங்கித் தரை முழுவதும் சாமை விளைந்திருந்தது. கதிர்களுக்கு நடுவே கரடி நடந்தது. புளிய இலைகள் உதிர்ந்து கிடந்தன. பிள்ளைகளின் கை அசைந்தபோது கதிர்களும் அசைந்தன.

நடுவர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒளி விழாத இடமாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தார்.

"சார், சார்!" என்று மணிவேலின் குரல் இருட்டில் எழுந்தது. "தேவராஜ் சார்! காலெடுங்க. சாமய மிதிக்கிறீங்க."

தேவராஜ் மாஸ்டர் தன்னையறியாமல் துள்ளி விலகினார். மண்டபமே சிரித்தது. சற்றுப் பொறுத்து அவரும் சிரித்தார். ஷோபனா சிரிக்கவில்லை. நிமிர்ந்து நின்றாள், அளவுகோலைப்போல.

பத்து மதிப்பெண் குறைந்தது. குறைந்தும், மற்றவர்களைவிட நான்கு மிஞ்சியது. மாவட்ட விழாவுக்குப் போகும் பள்ளியின் பெயரைத் தாண்டவராயன் இரண்டு முறை படித்தார். முதல் முறை பிள்ளைகள் போட்ட கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

மலைக்குத் திரும்பும் ஜீப்பில் எல்லாரையும் ஏற்றிவிட்டு, ஷோபனாவும் ஏறி உட்கார்ந்தாள்.

"டீச்சர், உங்க வூடு இங்கதான கீது?" என்றாள் காவியா.

"தெரியும். நகர்ந்து உட்கார்."

"மேல வந்தா திரும்ப பஸ் இல்லியே டீச்சர். நாலு மணி பஸ்ஸு போய்ட்டிருக்குமே!"

"போகட்டும்" என்றாள் ஷோபனா. காவியாவின் விளக்கை வாங்கித் தன் மடியில் நேராக நிறுத்திக்கொண்டாள். "உங்கள் ஊர் ராத்திரியை நான் பார்க்கவேண்டும்."