தலைப்பு வைக்கப்பட்டது

1

நாற்பத்தொரு மணி நேரம் அந்தத் தலைப்பு எங்கள் செய்தித் தளத்தில் இருந்தது. திங்கள் மாலை நான்கு மணிக்கு ஏற்றப்பட்டது. புதன் காலை ஒன்பதுக்கு மாற்றப்பட்டது. இந்தக் கதை அதிலிருந்து பிறந்தது:

சுன்னத்: ஆபத்து இருமடங்கு

பையன் நன்றாக இருக்கிறான். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பயம் காட்டி உங்களைப் படிக்க வைக்க எனக்கு மனமில்லை. ஒரு முறை அது நடந்துவிட்டது, போதும்.

2

முதல் தொடக்கம்: மதுரையில் ஒரு செய்தி அலுவலகம். காலை வெயில் கண்ணாடியில் பட்டு—

(வேண்டாம். எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது.)

இரண்டாம் தொடக்கம்: வெளிநாட்டு ஆய்வு ஒன்று வந்தது. அங்கே ஒரு மாகாணத்தில், சிறுவர்களுக்கு முன்தோல் நீக்கிய பிறகு இரத்தம் நிற்காமல் போவது முன்பு ஆயிரத்தில் ஒருவருக்கு. இப்போது ஆயிரத்தில் இருவருக்கு. இருமடங்கு என்பது பொய்யில்லை. மீதி 998 பேருக்கு அப்படி ஆகவில்லை என்பதும் பொய்யில்லை.* இரண்டு உண்மைகளில் ஒன்று தலைப்பாக வைக்கப்பட்டது. பக்கத்தில் ஒரு கத்தியின் படம் சேர்க்கப்பட்டது.

* போன மாதம் எங்கள் தளத்தின் இதே பகுதியில் 'சுன்னத்: நோய்த்தொற்று பாதியாகக் குறைகிறது' என்று வந்தது. அதிலும் எத்தனை பேரில் என்பது இல்லை. ஆதரிப்பவர்கள் அதைப் பகிர்ந்தார்கள். எதிர்ப்பவர்கள் இதைப் பகிர்ந்தார்கள். 'ஆயிரத்தில்' என்பது ஆறே எழுத்து. தலைப்பில் இடம் இருந்தது.

3

கதைக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டது. முதல் வரைவில் எங்கள் தலைமை உதவியாசிரியர் அழகுராஜாவை வில்லனாக்கினேன். "சின்ன நம்பரப் போட்டா எவன் படிப்பான்?" என்று அவரைச் சிரிக்க வைத்தேன். காட்சி நன்றாகவே வந்தது. ஒரே சிக்கல், அவர் அப்படிச் சொல்லவில்லை. திங்கள்கிழமைக் கூட்டத்தில் அவர் கேட்டது இதுதான்:

"எம்மா, ரெண்டு மடங்குன்னா எம்புட்டுல எம்புட்டு?"

மேசையைச் சுற்றி ஆறு ஆண்கள். நான் விலங்கியல் படித்தவள். முயலின் எல்லா உறுப்புகளையும் வரைந்து, அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதியிருக்கிறேன். வாயால் சொன்னதில்லை. பன்னிரண்டு வயதில் மாதா கோயில் மைக்கில் பைபிள் வாசகம் வாசித்தபோது, சுன்னத்துக்கு அதில் வரும் சொல்லை, 'விருத்தசேதனம்' என்று மட்டும் ஒரு முறை கணீரென்று சொன்னேன். அப்போது அர்த்தம் தெரியாது. தெரிந்த பிறகு மைக் பக்கமே போகவில்லை.

எம்புட்டுல எம்புட்டு என்று சொன்னால், எதற்கு, எந்த இடத்தில் என்று பேச்சு வளரும்.

"ரெண்டு மடங்கு சரிதாண்ணே," என்றேன்.

"நீ சொன்னாச் சரி."

விளையாட்டுச் செய்தி பார்க்கும் தங்கப்பாண்டி என்னைக் காட்டி, "ஐரினு வாயத் தொறந்துருச்சு. குடைய எடுங்கப்பா, இன்னிக்கு மழதான்," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பேச்சு அத்துடன் முடிந்ததில் அவ்வளவு நிம்மதி.

(கதையில் வரும் முதல் நிம்மதி இது. தப்பான நிம்மதி.)

4

புதன் காலை எட்டேகாலுக்கு அலுவலகத் தொலைபேசி அடித்தது. மற்றவர்கள் டீக்கடைக்குப் போயிருந்தார்கள். நான் எடுத்தேன். செக்கானூரணிப் பக்கமிருந்து ஜெயக்கொடி என்றாள்.

ஜெயக்கொடிக்கு முப்பது வயது இருக்கும். அவள் கண்களில் ஒரு—

(தொலைபேசியில் கண் தெரியாது. குரல்தான்.)

"நாளைக்குக் காலைல எம் மகனுக்கு ஆபரேசன். நாலு வயசு. ஒண்ணுக்குப் போறப்பல்லாம் துடிக்கிறான். ரெண்டு தடவ காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரில கெடந்தான். டாக்டரு முன்தோல எடுத்துரணும்னாரு. எங்க வீட்டுக்காரரு உங்க செய்தியக் காட்டி, வேணவே வேணாங்குறாரு. மொதல்ல ஒண்ணு சொல்லு. சுன்னத்துங்குறதும் இதுவும் ஒண்ணா?"

"முன்தோல எடுக்குறது ஒண்ணுதான்க்கா. அவங்க மார்க்கத்துக்காகச் செய்றாங்க. உங்க பிள்ளைக்கு வைத்தியம்."

முன்தோல் என்று சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். கூரை அப்படியேதான் இருந்தது.

5

இங்கே கதை மூன்றாகப் பிரியலாம்.

முடிவு அ: "எதுக்கும் டாக்டரையே கேளுங்கக்கா" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். பொறுப்பான பதில். ஒளிந்துகொள்ளவும் வசதியான பதில்.

முடிவு ஆ: ஆபரேசன் நின்றுபோகிறது. பையனுக்கு மூன்றாம் முறை காய்ச்சல்—

(எழுத மாட்டேன்.)

முடிவு இ: நீங்கள் எழுதலாம். ஒரே நிபந்தனை, வாக்கியத்தில் எழுவாய் இருக்க வேண்டும். செய்தித் தமிழில் எல்லாம் தானாகவே நடந்துவிடும். ஏற்றப்பட்டது, சேர்க்கப்பட்டது, வைக்கப்பட்டது. யார் என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கதையையும் அப்படித்தான் ஆரம்பித்திருக்கிறேன்.

6

நடந்ததை எழுதுகிறேன்.

"அக்கா, அந்த ஊர்ல ஆயிரம் பிள்ளைகளுக்குச் செஞ்சதுல ரெண்டு பிள்ளைக்கு ரத்தம் நிக்கல. ரெண்டையும் ஆஸ்பத்திரில சரி பண்ணிட்டாங்க. முன்னாடி ஒரு பிள்ளைக்கு. அதான் ரெண்டு மடங்கு."

"ஆயிரத்துலயா?"

"ஆயிரத்துல."

"நூத்துல இல்லயே?"

"இல்லக்கா. ரத்தம் உறையுற டெஸ்டு எடுத்துட்டாங்களான்னு மட்டும் டாக்டர்ட்ட கேட்டுக்கங்க."

"அதெல்லாம் போன வாரமே எடுத்தாச்சு."

அவள் மூச்சு விடுவது கேட்டது. பிறகு, தள்ளி நின்ற யாரிடமோ: "ஏங்க, ஆயிரத்துல ரெண்டாம். நீங்க வண்டி ஓட்டுறதுக்கு அது தேவல. பைய எடுத்து வைங்க, சாயந்தரம் அட்மிசன்."

ஒரு ஆண்குரல் ஏதோ முனகியது. அவள் சிரித்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். இது சரியான நிம்மதி.

அதற்குள் டீ குடிக்கப் போனவர்கள் திரும்பியிருந்தார்கள். ஆறு பேரும். அழகுராஜா அண்ணன் என் மேசையருகே நின்று, யார் என்று சைகையில் கேட்டார்.

"இம்புட்டு வெவரமாச் சொல்ற தங்கச்சி," என்றாள் ஜெயக்கொடி. "ரெண்டு நாளா எங்க வீட்ல சோறு எறங்கல. எந்தக் கூறுகெட்ட பய அந்தத் தலைப்ப வச்சான்?"

அதன் பிறகு அவள் என்ன சொன்னாள், அந்த ஆறு பேர் என்ன சொன்னார்கள் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது ஒரு வரி.

"பய இல்லக்கா. நான்தான் வச்சேன்."